செட்டிநாட்டு முற்றத்தில் அடைமழை: பிளெண்டரில் தண்ணீரும் ஈரமும்

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மழை கொட்டும் பத்து விநாடிக் காட்சியை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் செய்த முறையை இங்கே எழுதி வைக்கிறோம். காட்சியில் இருப்பவை: ஓட்டு விளிம்பிலிருந்து இறங்கும் தாரைகள், கூடல்வாயில் (இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மூலை) உள்ள தகரத்திலிருந்து பித்தளை அண்டாவில் விழும் தண்ணீர், கொத்திய கருங்கல் பாவிய முற்றத் தரை, அதைச் சுற்றி ஆத்தங்குடி டைல் பதித்த தாழ்வாரம், தேக்குத் தூண்கள். கருவிகள் பிளெண்டர் 4 வரிசை, அதிலுள்ள மான்டாஃப்ளோ (திரவ சிமுலேஷன்), டைனமிக் பெயின்ட் (ஒரு பொருள் பட்ட இடத்தைப் படமாக எழுதுவது), இறுதிப் படம் எடுக்க, அதாவது ரெண்டருக்கு, சைக்கிள்ஸ். மான்டாஃப்ளோ சிபியுவில்தான் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பேக் (சிமுலேஷனைக் கணக்கிட்டுச் சேமிப்பது) ஆகும் நேரம் குறையாது.

தண்ணீர்க் காட்சி என்றதும் எல்லோரும் சிமுலேஷன் ரெசல்யூஷனை ஏற்றுவதிலேயே நாளைக் கழிக்கிறார்கள். முற்றத்து மழையைப் பொறுத்தவரை அது வீண் உழைப்பு. படத்தில் தண்ணீராகத் தெரிவது மிகச் சிறிய பரப்பு, மிச்சமெல்லாம் நனைந்த கல், நனைந்த டைல், நனைந்த மரம். அந்த ஈரம் பொய்யாக இருந்தால் அண்டாவில் எத்தனை கோடி பார்ட்டிக்கிள் (சிமுலேஷன் துகள்) விழுந்தாலும் காட்சி நிற்காது.

முதலில் மழைக் கணக்கு

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் மழைக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 72 மி.மீ. என்று வைப்பது வசதி. ஐப்பசி கார்த்திகையில் சில நிமிடங்கள் கொட்டித் தீர்க்கும் கனமழைக்கு இது பொருந்தும், கணக்கும் சுலபம். ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு சரியாக 20 மி.லி. விழும். இனி எல்லா எண்ணும் இதிலிருந்தே வரும்.

முற்றம் 4 மீ × 5 மீ. சுற்றியுள்ள கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிகிறது, தரையில் அளந்தால் ஒவ்வொரு சரிவுக்கும் 2.5 மீ அகலம். இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் 2.5 × 2.5, அதாவது 6.25 சதுர மீட்டர் கூரையின் தண்ணீர் முழுவதும் கூடல்வாய்க்கு வருகிறது. அது விநாடிக்கு 125 மி.லி., நிமிடத்துக்கு ஏழரை லிட்டர். மற்ற இடங்களில் ஓட்டு விளிம்பு ஒரு மீட்டருக்கு விநாடிக்கு 50 மி.லி. நாட்டோட்டு வரிசைகள் 15 செ.மீ. இடைவெளியில் இருந்தால் ஒரு வரிசையிலிருந்து 7.5 மி.லி. முற்றமும் கூரையும் சேர்ந்து 90 சதுர மீட்டர். ஆக தரையிலுள்ள தூம்பு வழியே வெளியேற வேண்டியது விநாடிக்கு 1.8 லிட்டர். அண்டா பிடித்துக்கொள்வதைக் கழித்தாலும் பெரிய மாற்றமில்லை.

இந்தக் கணக்கால் உடனே தெரிய வருவது ஒன்று உண்டு. 60 லிட்டர் அண்டா நிரம்ப எட்டு நிமிடம் ஆகும். பத்து விநாடிக் காட்சிக்குள் அண்டா நிரம்பி வழிவதாகக் காட்டினால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் நம்ப மாட்டார். ஆகவே அண்டா ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்ததாகவே காட்சி தொடங்க வேண்டும். முதல் மழையில் ஓட்டிலுள்ள தூசியெல்லாம் வடியவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு அண்டாவை வைப்பதுதான் வழக்கம். அதனால் தண்ணீருக்கு நிறமும் சேர்க்க வேண்டாம்.

முழு முற்றத்துக்கும் ஒரே டொமைன் ஏன் ஆகாது

டொமைன் என்பது சிமுலேஷன் நடக்கும் பெட்டி, ரெசல்யூஷன் என்பது அதன் நீண்ட பக்கத்தில் எத்தனை கட்டம் என்ற எண். 5 மீட்டர் டொமைனுக்கு ரெசல்யூஷன் 512 வைத்தால் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 10 மி.மீ. தரையில் ஓடும் தண்ணீரின் ஆழமோ 2 முதல் 3 மி.மீ. தான். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இந்த அளவு தண்ணீர் ஓடினால் ஏறத்தாழ 2.4 மி.மீ. ஆழம் நிற்கும். ஒரு கட்டத்தில் கால் பங்குகூட நிரம்பாத தண்ணீரை மான்டாஃப்ளோவால் பரப்பாகக் காட்ட முடியாது. திட்டுத் திட்டாக, உருண்டை உருண்டையாகத்தான் வரும். கட்டத்தை 1 மி.மீ. ஆக்கலாம் என்றால் 2.8 மீட்டர் உயரத்தையும் சேர்த்து 5,600 கோடி கட்டங்கள். வீட்டுக் கணினியில் நடக்கிற காரியம் இல்லை.

எனவே தண்ணீரை அளவு வாரியாகப் பிரித்தாக வேண்டும். அண்டாவின் வாய்க்கு மட்டும் ஃபிளிப் சிமுலேஷன் (மான்டாஃப்ளோவின் துகள் முறைத் திரவம்). மழைத்துளியும் ஓட்டுத் தாரையும் சாதாரண பார்ட்டிக்கிள். தரைப் படலம் ஷேடரில், அதாவது பரப்பின் நிறமும் பளபளப்பும் அமைக்கும் இடத்தில். நனைவு டைனமிக் பெயின்ட்டில்.

அண்டா

ஓட்டு விளிம்பு 2.8 மீ உயரம், அண்டாவில் தண்ணீர் மட்டம் 0.6 மீ. விழும் தூரம் 2.2 மீ, எடுக்கும் நேரம் 0.67 விநாடி. தகரத்தை விட்டு வெளியே வரும்போது கிடைவேகம் 0.5 மீ/வி என்றால், தாரை தகர நுனியிலிருந்து 33 செ.மீ. தள்ளி விழும். அண்டாவின் நடுவை அங்கே வைக்க வேண்டும். நுனிக்கு நேர் கீழே வைத்துவிட்டுத் தாரையை நேராக இறக்குவது அடிக்கடி காணும் பிழை.

டொமைன் 50 × 50 × 30 செ.மீ., ரெசல்யூஷன் 320. ஒரு கட்டம் 1.56 மி.மீ. அண்டாவின் வாய் 48 செ.மீ. தண்ணீரின் முழு ஆழத்தையும் சிமுலேட் செய்யத் தேவையில்லை. மேற்பரப்பிலிருந்து 8 செ.மீ. கீழே பொய்த்தளம் ஒன்றைத் தடுப்பாக வைத்துவிட்டால் போதும், இருண்ட பித்தளைக்குள் அடி யாருக்கும் தெரியாது. இந்த ஆழத்துக்கே தண்ணீர் நிற்கும் கட்டங்கள் 38 லட்சம். சாம்ப்ளிங் 2 என்றால் கட்டத்துக்கு 8 பார்ட்டிக்கிள், மொத்தம் 3 கோடி. 32 ஜிபி ரேம் இல்லாவிட்டால் ரெசல்யூஷனை 200க்கு இறக்கிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் முதல் பேக் 120இல்தான் நடக்க வேண்டும். தாரை சரியான இடத்தில் விழுகிறதா, சுவர் ஒழுகுகிறதா என்று பார்க்க அது போதும்.

தாரையைத் தகர நுனியிலிருந்தே சிமுலேட் செய்ய வேண்டியதில்லை. தண்ணீருக்கு 18 செ.மீ. மேலே இன்ஃப்ளோ (தண்ணீர் விடும் உருவம்). அந்த உயரத்தில் வேகம் 6.3 மீ/வி ஆகியிருக்கும். 125 மி.லி. அந்த வேகத்தில் போனால் தாரையின் விட்டம் 5 மி.மீ., அதாவது மூன்று கட்டம். அதற்கும் குறைந்தால் இன்ஃப்ளோ ஒழுங்காகத் தண்ணீர் விடாது. ஆரம்ப வேகத்தில் கீழ்நோக்கி 6.3, பக்கவாட்டில் 0.5 கொடுங்கள். 2 மீட்டர் விழுந்த தாரை வழவழவென்று இருக்காது, முறுக்கி உடைந்து கொண்டைகொண்டையாக வரும். இன்ஃப்ளோ உருவத்தின் இடத்துக்கு 2 மி.மீ. அளவில் நாய்ஸ் அசைவு கொடுத்து, ஃப்ளோவின் சாம்ப்ளிங் சப்ஸ்டெப்பை 10ஆக ஏற்றினால் இது வந்துவிடும்.

இப்போது எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். நொடிக்கு 24 ஃப்ரேமில் 6.57 மீ/வி வேகத் தண்ணீர் ஒரு ஃப்ரேமுக்குள் 27 செ.மீ. நகர்கிறது. நம் கட்ட அளவில் அது 175 கட்டங்கள். மான்டாஃப்ளோவில் அதிகபட்ச டைம்ஸ்டெப் (ஒரு ஃப்ரேமைப் பிரிக்கும் அடிகள்) 4 என்றே இருந்தால், ஒவ்வொரு அடியிலும் தண்ணீர் 44 கட்டம் தாண்டுகிறது. விளைவு: தாரை துண்டுதுண்டாகத் தெரியும், பொய்த்தளத்தைத் துளைத்துக்கொண்டு பார்ட்டிக்கிள்கள் கீழே போகும், தெறிப்பு எழவே எழாது. ரெசல்யூஷனை ஏற்றினால் சரியாகும் என்று ஏற்றினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் கட்டம் சிறுக்கச் சிறுக்கத் தாண்டும் எண்ணிக்கை கூடுகிறது. சிஎஃப்எல் (ஓர் அடியில் தண்ணீர் தாண்டக்கூடிய கட்டங்கள்) 4, அதிகபட்ச டைம்ஸ்டெப் 48 என்று வையுங்கள். பேக் நேரம் பல மடங்கு கூடும்தான், ஆனால் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுவே. ரெசல்யூஷனை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம், இதைக் குறைக்கக் கூடாது.

அண்டாவின் சுவர் 2 மி.மீ. கனம், ஒரு கட்டத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். அதை அப்படியே தடுப்பாகக் கொடுத்தால் ஒழுகும். தடுப்புக்கென்று தனி உருவம் செய்து, சுவரை வெளிப்பக்கமாக 8 மி.மீ. வரை தடிக்க வையுங்கள். அதன் உட்பக்கத்தையும் 1 மி.மீ. வெளியே தள்ளுங்கள். இல்லையென்றால் தண்ணீர் மெஷ் (தண்ணீரின் பரப்பு வலை) சுவரைத் தொடாமல் அரைக் கட்டம் விலகி நின்று, விளிம்பைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு விழும். தள்ளி வைத்தால் தண்ணீர் பித்தளைக்குள் கொஞ்சம் புதைந்து நிற்கும், பித்தளை ஒளிபுகாதது என்பதால் அது தெரியாது. கண்ணாடிப் பாத்திரத்துக்கு இந்த உபாயம் செல்லாது.

மற்ற அமைப்புகள்: ஃபிளிப் விகிதம் 0.97ஐ 0.95க்கு இறக்கினால் மேற்பரப்பின் நடுக்கம் குறையும். விஸ்காசிட்டியைத் தொட வேண்டாம். கட்டங்களின் கணக்கீடே உண்மைத் தண்ணீரைவிட அதிக இழுவையைச் சேர்த்துவிடுகிறது, மேலும் சேர்த்தால் எண்ணெயாகத் தெரியும். பார்டர் கொலிஷனில் மேற்புறமும் பக்கங்களும் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் தெறித்த துளிகள் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டி வழியும். சர்ஃபேஸ் டென்ஷன் இந்தக் கட்ட அளவில் பயனுள்ளது, 3 மி.மீ.க்கு மேற்பட்ட கட்டத்தில் அணைத்துவிடுங்கள். கேஷ் வகை மாடுலர், ரிசூமபிள் இரண்டும் அவசியம். டேட்டாவை ஒருமுறை பேக் செய்துவிட்டு மெஷ்ஷை மட்டும் பலமுறை மாற்றிப் பார்க்கலாம். காட்சி தொடங்குவதற்கு 24 ஃப்ரேம் முன்னதாகவே பேக் தொடங்கட்டும், முதல் ஃப்ரேமிலேயே தண்ணீர் கலங்கியிருக்க வேண்டும்.

மெஷ்ஷில் அப்ரெஸ் 2. அமைதியான இடங்களில் அம்மைத்தழும்பு போலக் குழிகள் தெரிந்தால் மெஷ் பார்ட்டிக்கிள் ரேடியஸை 2இலிருந்து 2.5க்கு ஏற்றி, மேலே ஸ்மூத் மாடிஃபையரை 0.5 அளவில் நாலைந்து முறை கொடுங்கள். ஸ்பீட் வெக்டரை இயக்க மறந்தால் மோஷன் பிளர் வராது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மெஷ்ஷின் புள்ளிகள் மாறுவதால் வேகத்தை வேறு எங்கிருந்தும் சைக்கிள்ஸால் எடுக்க முடியாது. உப பார்ட்டிக்கிள்களில் ஸ்ப்ரே மட்டும் போதும். மழைத்தண்ணீரில் நுரை தங்காது, ஃபோமை இயக்கினால் சோப்புத் தண்ணீர் ஆகிவிடும்.

மழையும் தாரையும்

2 மி.மீ. துளி காற்றில் விழும் இறுதி வேகம் 6.5 மீ/வி. துளியின் கொள்ளளவு 4.19 மைக்ரோ லிட்டர். 72 மி.மீ. மழைக்கு ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு ஏறக்குறைய 4,775 துளிகள். முழு முற்றத்துக்கு ஃப்ரேமுக்கு 4,000. 6 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஒரே நேரத்தில் காற்றில் 88,000 துளிகள். எந்தக் கணினியும் இதைத் தாங்கும். பார்ட்டிக்கிள் வேகத்தை நிலையாக 6.5இல் வைத்து ஈர்ப்பை அணைத்துவிடுங்கள், துளி ஏற்கெனவே இறுதி வேகத்தில் இருக்கிறது. ஈர்ப்பை விட்டுவைத்தால் தரைக்கு வரும்போது வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல் போய், கோடுகள் நீண்டுவிடும். ஷட்டர் 180 பாகை, அதாவது அரை ஃப்ரேம் நேரம், என்றால் ஒரு துளியின் கோடு 13.5 செ.மீ. இதைவிட நீளமான மழைக்கோடு திரையில் பொய்யாகவே தெரியும்.

ஓட்டுத் தாரைக்கு இது நேர்மாறு. அங்கே தண்ணீர் நிதானமாகக் கிளம்பி ஈர்ப்பில் வேகம் பிடிக்கிறது, 2.8 மீ விழுந்தபின் 7.4 மீ/வி. விளிம்பருகே முழுநூலாக இருப்பது இறங்க இறங்க மெலிந்து துளிகளாக அறுந்துவிடும். விளிம்பிலிருந்து 30, 40 செ.மீ. வரை நூலாக ஒரு மெஷ், அதன்கீழ் 4 மி.மீ. துளிகள் வரிசைக்கு விநாடிக்கு 224. சுற்றளவு 18 மீட்டரில் 120 வரிசைகள். எல்லா வரிசைக்கும் ஒரே அளவு கொடுத்துவிட்டால் மணித்திரை மாட்டியதுபோல் ஆகும். ஓட்டுக் கூரையில் சில வரிசைகள் அடைத்திருக்கும், பக்கத்து வரிசை இரட்டிப்பாக ஊற்றும். 0.2 முதல் 2 மடங்கு வரை சிதறவிட்டு, மொத்தம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளி தரையில் பட்டதும் எழும் கிரீடத்தைச் செய்ய வேண்டாம். இந்த வேகத்தில் அது ஓரிரு ஃப்ரேமில் எழுந்து விழுந்துவிடும், மெதுவோட்டக் காட்சியில் மட்டுமே பயன். கண்ணில் படுவது கிரீடத்திலிருந்து பறக்கும் சிறுதுளிகள். விநாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் 60 பாகையில் கிளம்பிய துளி அரை மீட்டர் தூரம் போகிறது, 10 ஃப்ரேம் வரை காற்றில் நிற்கிறது. பட்ட இடத்திலிருந்து 1 மி.மீ.க்குக் குறைவான துளிகளை 0.5 முதல் 2.5 மீ/வி வரை, 45 முதல் 70 பாகைக்குள் தெறிக்கவிடுங்கள். இந்தத் துளிகள்தாம் பிறகு தாழ்வாரத்தை நனைக்கும் தூரிகை.

தரைப் படலம்

கனமழையில் தேங்கிய தண்ணீர் மேல் அழகான வட்ட வளையங்களை வரைவது பெரும்பாலோர் செய்யும் தவறு. சதுர மீட்டருக்கு விநாடிக்கு 4,775 துளி விழும் இடத்தில் ஒரு வளையம் விரிவதற்குள் அதன்மேல் பத்து வளையம் விழுந்துவிடும். தரை முழுவதும் கொதிப்பதுபோல் குறுகுறுவென்று இருக்கும். தனித்தனி வளையம் தெரிவதெல்லாம் மழை விட்டபின் ஓட்டு விளிம்பு சொட்டும்போதுதான்.

எனவே 4டி நாய்ஸ் டெக்ஸ்சர் (நேரத்தோடு மாறும் ஒழுங்கற்ற கோலம்) ஒன்றே அடிப்படை வேலையைச் செய்துவிடும். அலை அகலம் 1.7 செ.மீ. சுற்றி, பம்ப் (பரப்பை மேடுபள்ளமாகத் தெரியச் செய்வது) உயரம் 1 மி.மீ. தண்ணீரில் இந்த அகல அலைதான் மிக மெதுவாகச் செல்வது, அதன் வேகமே விநாடிக்கு 23 செ.மீ. தன் அகலத்தைத் தாண்ட இரண்டு ஃப்ரேம்கூட ஆகாது. ஆகவே நாய்ஸின் நான்காம் பரிமாணமான டபிள்யூ மதிப்புக்கு ஃப்ரேம் எண்ணை 0.5ஆல் பெருக்கிக் கொடுங்கள். 0.05 போன்ற சிறு எண் கொடுத்தால் தரை ஜெல்லி போல அசையும். கேமராவுக்கு முன் ஒன்றரை மீட்டர் வரை மட்டும் டைனமிக் பெயின்ட்டின் வேவ்ஸ் வகையில் பெரிய துளிகளின் வளையங்கள் சிலவற்றைச் சேர்க்கலாம். அதற்கப்பால் அலை பிக்ஸலைவிடச் சிறுத்துவிடும். அங்கே பம்ப்பைக் குறைத்து ரஃப்னஸை (சொரசொரப்பின் அளவு) 0.15க்கு ஏற்றாவிட்டால் மினுமினுப்பு தாங்க முடியாது.

தூம்பைச் சுற்றி மட்டும் தண்ணீர் ஒன்றிரண்டு செ.மீ. ஆழம் நிற்கும். அது சட்டகத்துக்குள் வந்தால் 50 செ.மீ. டொமைன் ஒன்றைத் தனியாக வைத்து, அடியில் அவுட்ஃப்ளோ கொடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஈரம்: ஒரு மாஸ்க் போதாது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நனைந்த பொருளுக்கு இரண்டு தனி நிலைகள் உண்டு. ஒன்று, பொருளுக்குள் இறங்கிய ஈரம். அது நிறத்தைக் கறுக்க வைக்கும், பளபளப்பைத் தராது. மற்றது, மேலே நிற்கும் நீர்ப்படலம். அது பளபளப்பைத் தரும், நிறத்தை அவ்வளவாக மாற்றாது. இரண்டையும் ஒரே மாஸ்க்கில் (எங்கே எவ்வளவு என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம்) கட்டி, ரஃப்னஸைக் குறைத்து நிறத்தையும் இருட்டாக்கினால் வார்னிஷ் அடித்த தரைதான் கிடைக்கும். மழை நின்றதும் படலம் முதலில் போகும், உள்ளீரம் வெகுநேரம் இருக்கும். மழைக்காலத்து வீட்டில் கறுத்தும் மங்கியும் கிடக்கும் அந்தக் கல்லை ஒரே மாஸ்க்கால் காட்டவே முடியாது.

டைனமிக் பெயின்ட் இதற்கென்றே செய்ததுபோல் இரண்டு படங்களைத் தருகிறது. தாழ்வாரத்தைக் கேன்வாஸாக வையுங்கள், இமேஜ் சீக்வென்ஸ், 2048, ஒழுங்கான யூவி (பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்). 5 மீட்டர் பக்கத்துக்கு பிக்ஸல் 2.4 மி.மீ. தெறிதுளி பார்ட்டிக்கிள்களே பிரஷ், சாலிட் ரேடியஸ் 3 மி.மீ. ட்ரை இயக்கத்தில், டிஸால்வ் அணைப்பில். பெயின்ட்மேப், வெட்மேப் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வெட்மேப் உலர்ந்துகொண்டே வரும், அதுதான் படலம். பெயின்ட்மேப் தங்கும், அதுதான் உள்ளீரம். ஷேடரில் இரண்டையும் நான்-கலர் (நிறமாக அல்லாமல் எண்ணாக வாசிப்பது) ஆக்க வேண்டும். இமேஜ் நோடில் ஃப்ரேம் எண்ணிக்கை 1 என்றே இருந்தால் படம் முதல் ஃப்ரேமிலேயே உறைந்து நிற்கும், இதை ரெண்டருக்குமுன் பார்த்துவிடுங்கள்.

நிறம் கறுப்பதற்குக் காரணம் உண்டு. பொருளுக்குள் சிதறி வெளியே வரப்பார்க்கும் ஒளியில் 48.6 பாகைக்கு மேல் சாய்ந்து வருவது, தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு முழுவதுமாகத் திரும்பி மீண்டும் பொருளுக்குள் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. துளைகளில் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் ஒளி இன்னும் ஆழமாக இறங்குகிறது. ஆகவே நடுத்தர நிறங்கள் அதிகம் கறுக்கும், வெள்ளை அதிகம் மாறாது, வண்ணம் அடர்த்தியாகும். கறுப்பைக் கலப்பதோ ஒரே எண்ணால் பெருக்குவதோ இதைத் தராது. காமா நோடு தரும், அது நிறத்தின் எண்ணை அடுக்குக்கு உயர்த்துவது. நாட்டோட்டின் நிறம் 0.45, 0.22, 0.13 என்றால், காமா 1.5 கொடுத்ததும் 0.30, 0.10, 0.05 ஆகிறது. சிவப்பு ஓரளவு நிற்க, நீலம் பாதிக்கும் கீழே போய்விட்டது. நனைந்த ஓட்டின் அந்த ஆழ்ந்த செம்மை இப்படித்தான் வருகிறது. காமா மதிப்புக்கு 1 + 0.5 × உள்ளீரம் என்று கட்டினால் படிப்படியாக மாறும்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பதை அளந்தே எடுக்கலாம். ஓட்டுத்துண்டு ஒன்றின் பாதியை ஊறவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். பக்கத்தில் 18 விழுக்காடு சாம்பல் அட்டை. மேகமூட்ட வெளிச்சத்தில், எக்ஸ்போஷரைப் பூட்டி ரா படம். லீனியரில் காய்ந்த பக்கம் 0.30, நனைந்த பக்கம் 0.17 என்றால் இரண்டின் லாகரிதங்களின் விகிதம் 1.47, அதுவே காமா. இந்தக் காட்சியில் ஓட்டுக்கு 1.5, தேக்குத் தூணின் அடிக்கு 1.4, கருங்கல்லுக்கு 1.25, ஆத்தங்குடி டைலுக்கு 1.2, சுவரின் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சுக்கு 1.05 வைத்திருக்கிறது. அந்தப் பூச்சு தண்ணீரை உள்ளே விடாது, வழியவிட்டுவிடும். சுவரில் பெரிய ஈரத்திட்டு வரைந்தால் அது செட்டிநாட்டுச் சுவராக இருக்காது.

படலத்தை பிரின்சிபிள்ட் ஷேடரின் கோட் அடுக்கில் வையுங்கள். கோட் வெயிட்டுக்கு வெட்மேப், கோட் ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.333, கோட் ரஃப்னஸ் 0.03. இயல்பாக இருக்கும் 1.5ஐ மாற்றாமல் விட்டால் நேர்ப்பார்வையில் பிரதிபலிப்பு 2 விழுக்காட்டுக்குப் பதில் 4 ஆகி, மறுபடியும் வார்னிஷ். அலையின் பம்ப்பை கோட் நார்மலில் (பரப்பு நோக்கும் திசை) மட்டும் இணைக்க வேண்டும், கல்லின் நார்மல் அடியில் அப்படியே இருக்கும். இன்னொன்று: தண்ணீருக்கு அடியிலுள்ள கல்லின் சொந்தப் பளபளப்பு ஏறக்குறைய மறைந்துவிடும், ஏனென்றால் 1.5க்கும் 1.333க்கும் இடையிலான விகிதம் 1.125 மட்டுமே, பிரதிபலிப்பு அரை விழுக்காடுகூட இல்லை. அடிப்படை ஐஓஆரைப் படலத்தின் அளவுக்கேற்ப 1.5இலிருந்து 1.125க்கு இறக்குங்கள். இறக்காவிட்டால் கூர்மையான பிரதிபலிப்புக்கு அடியில் காய்ந்த கல்லின் சொரசொரப்பான மினுக்கமும் சேர்ந்து தெரியும்.

கொத்திய கருங்கல்லில் உளிபட்ட குழிகள் ஒன்றிரண்டு மி.மீ. ஆழம். தண்ணீர் முதலில் அங்கே நிற்கும், மேடுகள் கறுத்தும் மங்கியும் இருக்கும். கல்லின் உயரப் படத்தை வெட்மேப்பிலிருந்து கழித்து, மேப் ரேஞ்ச் நோடில் குறுகிய எல்லை கொடுத்தால் குழிக்குக் குழி தனித்தனி நீர்க்கண்ணாடி வந்துவிடும். முழுக் காட்சியிலும் செலவழித்த நேரத்துக்கு அதிகப் பலன் தரும் நோடு இதுதான்.

ஆத்தங்குடி டைலுக்குத் தனி கவனம் வேண்டும். அது சுட்ட டைல் அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் நிறச் சிமென்ட் கலவையை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் பதப்படுத்தி எடுப்பது. கண்ணாடி கொடுத்த வழவழப்பால் காய்ந்தபோதே ரஃப்னஸ் 0.25 சுற்றி இருக்கும். அதனால் நனைந்ததைக் காட்ட ரஃப்னஸ் மாற்றம் மட்டும் போதாது, துளிகள் உருவமாகவே வேண்டும். நாள்பட்டுத் துடைத்து மெருகேறிய டைலில் தெறித்த துளி பரவாமல் குமிழாக நிற்கும். 2 முதல் 6 மி.மீ. விட்டம், உயரம் விட்டத்தில் ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்று. முழு அரைக்கோளம் வைத்தால் தாமரை இலைத் தண்ணீராகிவிடும். முற்றத்தை ஒட்டிய முதல் டைல் வரிசையில்தான், அதாவது 20 செ.மீ.க்குள், அடர்த்தி. ஓட்டுத் தாரை முற்றத்து விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி விழுவதால், அரை மீட்டர் பறக்கும் துளிக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வரிசைதான். இரண்டாவது வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றும். காற்றோடு சாரல் அடிக்கும் காட்சி என்றால் மட்டுமே உள்ளே போகலாம். டைல்களின் இணைப்புக் கோட்டில் உள்ளீரம் முதலில் இறங்கும், பெயின்ட்மேப்பில் அந்தக் கோடுகளை 4 மி.மீ. அகலத்துக்கு முன்கூட்டியே நனைந்ததாகக் குறித்துக் கொடுங்கள்.

கேமராவும் வெளிச்சமும்

தண்ணீர் நேராகப் பார்த்தால் 2 விழுக்காடு, 60 பாகையில் 6, 80 பாகையில் 35 விழுக்காடு பிரதிபலிக்கும். கேமராவை 1.2 மீ உயரத்தில் வைத்து 5 மீட்டர் தள்ளியுள்ள தரையைப் பார்த்தால் கோணம் 76 பாகை, வானத்தின் கால் பங்கு வெளிச்சம் தரையில் தெரியும். மாடியிலிருந்து கீழே பார்க்கும் கோணத்தில் அதே தரை வெறும் கறுத்த கல். ஈரம் தெரியவில்லை என்று ஷேடரைத் திருகுவதற்கு முன் கேமராவை இறக்கிப் பாருங்கள். முற்றத்தில் வெளிச்சம் வருவதே மேலுள்ள திறப்பு ஒன்றிலிருந்துதான். மேகமூட்ட எச்டிஆர்ஐ (வெளிச்சம் தரும் சூழல் படம்) மட்டும் போதும், உள்ளே நிரப்பு விளக்கு வைத்தால் தூண்களின் இருண்ட பிரதிபலிப்பு கரைந்துபோகும். தரையில் ஈரத்தைக் காட்டுவதே அந்த இருண்ட கோடுகளும் அவற்றுக்கிடையே நெளியும் வானமும்தான்.

தண்ணீர் மெஷ்ஷுக்கு ஷேடோ ரே வந்தால் டிரான்ஸ்பரன்ட் என்று லைட் பாத் நோடால் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அண்டாவுக்குள் கருநிழல் விழும். காஸ்டிக்ஸ் (தண்ணீரால் குவியும் ஒளிக்கோலங்கள்) அணைப்பில் இருக்கட்டும். மேகமூட்டத்தில் அதற்கு வேலையே இல்லை.

மழையைக் குறைக்க நேர்ந்தால் எல்லாவற்றையும் மறுபடி பேக் செய்ய வேண்டியதில்லை. மணிக்கு 18 மி.மீ. என்று கால் பங்காக்கினால் கூடல்வாய்த் தாரை விநாடிக்கு 31 மி.லி. ஆகும், அதன் விட்டம் பாதியாகி 2.5 மி.மீ.க்கு வந்துவிடும். நம் கட்டத்தில் அது ஒன்றரைக் கட்டம்தான் என்பதால் அண்டா டொமைனை வாயின் நடுப்பகுதிக்கு மட்டும் சுருக்கி மறுபேக் செய்தாக வேண்டும். ஓட்டு வரிசைகளில் எண்ணிக்கையை மட்டும் விநாடிக்கு 56 துளியாக மாற்றினால் சரி. தரைப் படலத்தின் ஆழமோ கால் பங்காகாது, 1.5 மி.மீ.க்குத்தான் இறங்கும், ஷேடரில் பம்ப்பைச் சற்றுக் குறைத்தால் போதும். தெறிதுளி குறைவதால் வெட்மேப், பெயின்ட்மேப் இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். அதற்கு முன் பழைய இமேஜ் சீக்வென்ஸ் கோப்புறையைக் காலி செய்யுங்கள், பழைய ஃப்ரேம்கள் மிஞ்சியிருந்தால் நடுவில் சில ஃப்ரேம்களுக்குத் தாழ்வாரம் திடீரென்று நனைந்து காயும்.